பாப்பாவும் பாஸ்கலும் பின்னே ஒரு குழாயும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். பத்தாம் வகுப்போடு இயற்பியலில் இருந்த அக்கவுன்ட்டை மூடி, பாஸ்புக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன். ஆகவே கீழே வருகிற அறிவியல் எல்லாம் என் பெண் சொன்னது. தப்பு இருந்தால் அது நான் புரிந்துகொண்ட லட்சணம். :-)

வங்கியில் இருபது வருஷத்துக்கு மேல் ஆணி. விஜயவாடா, நாக்பூர், நடுவில் கொஞ்ச நாள் கோவில்பட்டி (அது பொற்காலம்) என்று சுற்றிவிட்டு 2022-ல் சிம்லா. ஆர்டர் வந்த அன்று கிளையில் எல்லோரும் கை கொடுத்தார்கள். "ஹனிமூன் போற ஊருக்கு டிரான்ஸ்ஃபரா, கொடுத்து வச்சவர் சார் நீங்க" என்றார்கள். ஹனிமூன் போகிறவர்கள் நாலே நாளில் இறங்கிவிடுவார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

கால்காவில் இருந்து அந்தக் குட்டி ரயிலில் ஏறினோம். 1903-ல் போட்ட பாதை, 96 கிலோமீட்டர், 102 சுரங்கம். தங்கமணி சாமான்களை எண்ணிக்கொண்டு வந்தார். நான் பாதி தூக்கம். பாப்பா மட்டும் (பதினாறு தாண்டியும் வீட்டில் பாப்பா தான், அப்போது ஒன்பதாம் வகுப்பு) ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு அடிக்கடி அமுக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது குண்டாகிட்டே வருது பாருங்க."

பார்த்தேன். ஸ்டேஷனில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது, பலூன் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. "காலாவதி ஆகியிருக்கும், தூக்கிப் போடு" என்றேன். வங்கிக்காரன் புத்தி, உப்பியிருந்தால் சந்தேகப்படு. அவள் சிரித்தாள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது, உள்ளே அடைத்த காற்று அப்படியே இருக்கிறது, அதனால் உப்புகிறது என்றாள். சிம்லா 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் அதிகமாம். "நம்ம காது அடைக்குதுல்ல, அதுவும் இதேதான்" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டாள்.

இப்படித்தான் அவள். சின்னப் பிள்ளையிலிருந்தே கேட்டதும் பார்த்ததும் எல்லாம் அவளுக்கு ஒரு கேள்வி. நாக்பூரில் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, இருட்டில் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு சொட்டு சிந்தாமல் சரியாகக் கழுத்து வரை பிடித்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "சத்தம் மேல ஏறிட்டே வரும்ப்பா, கீச்சுன்னு ஆனா நிறையப்போகுதுன்னு அர்த்தம்" என்றாள். அப்போது பத்து வயசு. பாட்டிலுக்குள் மிச்சம் இருக்கிற காற்று குட்டையாகக் குட்டையாக சுருதி ஏறும் என்கிற விவரம் எல்லாம் அவளுக்கே பின்னால்தான் தெரிந்தது.

சிம்லாவுக்கு வந்த முதல் வாரம் வீட்டில் ஒரு பெரிய மர்மம். துவரம்பருப்பு வேகவில்லை. ஊரில் நாலு விசிலில் குழைகிற பருப்பு, இங்கே நாலு விசிலுக்கும் கல் மாதிரி இருந்தது. தங்கமணி முதலில் பருப்புக்கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். அப்புறம் தண்ணீரை. அப்புறம் குக்கர் கேஸ்கட்டை மாற்றினார். கடைசியில் வழக்கம்போல் என்னைச் சந்தேகப்பட்டார் (கடைக்குப் போனவன் நான்தானே).

பாப்பா வந்து விளக்கினாள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் இங்கே 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 93-லேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறவே ஏறாது. "அதுக்குத்தானே குக்கர்?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு.

"குக்கரும் அதே கதைதான்ப்பா. வெயிட்டு என்ன பண்ணுது? வெளிக்காத்தை விட உள்ளே எவ்வளவு அதிகம்னு மட்டும்தான் பார்க்கும். அந்த வித்தியாசம் எங்கே போனாலும் ஒண்ணுதான். ஆனா இங்கே வெளிக்காத்தே குறைச்சல். அதனால மொத்தமும் குறைஞ்சிரும். கீழே 121 டிகிரி வரை போற குக்கர் இங்கே 117-லயே விசில் அடிச்சிரும்."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. ரெப்போ ரேட்! நம் வீட்டுக்கடன் வட்டி அப்படித்தானே. ரெப்போவுக்கு மேல் வங்கி வைக்கிற ஸ்பிரெட் மாறாது, ஆனால் ரெப்போ இறங்கினால் மொத்த வட்டியும் இறங்கும். வெயிட் என்பது ஸ்பிரெட், வெளிக்காற்று ரெப்போ. இதைச் சொன்னதும் அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கரெக்ட்டுப்பா!" என்றாள். வாழ்க்கையில் இயற்பியலில் நான் வாங்கிய முதல் பாராட்டு. அன்று முதல் எங்கள் வீட்டில் பருப்புக்கு ஏழு விசில்.

முதல் குளிர்காலம் இன்னொரு பிரச்சினை கொண்டுவந்தது, இட்லி மாவு. மூன்று நாள் ஆனாலும் பொங்காது. ரஜாய்க்குள் வைத்துப் பார்த்தோம், அடுப்படியில் வைத்துப் பார்த்தோம், ஹீட்டர் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் மட்டும் காய்ந்துபோனது. அந்தச் சமயத்தில் வீட்டுக்கார ஆன்ட்டியைப் பார்த்து நாங்களும் ஃபிரிட்ஜை அணைத்து வைத்திருந்தோம். ஜனவரியில் இங்கே சமையலறையே ஃபிரிட்ஜ் தான். பாப்பா என்ன செய்தாள் தெரியுமா? அணைத்து வைத்த ஃபிரிட்ஜுக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, சுற்றிலும் நாலு பாட்டில் வெந்நீரை வைத்துக் கதவைச் சாத்தினாள்.

தங்கமணி தலையில் அடித்துக்கொண்டார். "புளிக்க வைக்கிறதுக்கு ஃபிரிட்ஜா?"

"அதுக்கு உள்ளே குளிரா இருக்கணும்னு எல்லாம் எண்ணம் கிடையாதும்மா. சூடு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாம தடுக்கும், அவ்வளவுதான். வெளிச்சூட்டைத் தடுக்கிற சுவர் உள்சூட்டையும் தடுக்கும்ல?"

நடுவில் ஒரு தடவை வெந்நீரை மாற்றினாள். மறுநாள் காலையில் மாவு பொங்கி வழிந்து ஃபிரிட்ஜ் தட்டெல்லாம் நாறிவிட்டது. மாவு புளிக்க வைப்பதற்காக ஃபிரிட்ஜ் வைத்திருக்கிற வீடு சிம்லாவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

இன்னொன்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலத்தில் இங்கே காற்று வறண்டு போகும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய் ஸ்ட்ராங் ரூம் கதவைத் தொட்டால் சுளீர் என்று ஷாக் அடிக்கும். நான் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லிவிட்டேன், அவர் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் சொன்னபோது, "சாவியைக் கையில பிடிச்சுக்கிட்டு சாவி நுனியால முதல்ல தொடுங்க. பொறி சாவிக்கு வரும், உங்க விரலுக்கு வராது" என்றாள். வேலை செய்தது. கிளையில் இந்த வித்தையை என் சொந்தச் சரக்கு மாதிரி எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நிற்க.

இப்பேர்ப்பட்ட பெண், பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 17.

தாளைப் பார்த்தேன். வெக்டார், கணக்கு என்று வந்த இடமெல்லாம் சுழி. ஒரு கேள்விக்குச் சூத்திரத்தை வரிசையாக நிறுவிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இவள் அதை விட்டுவிட்டு, அதே விஷயம் ஊஞ்சலில் எப்படி நடக்கிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

எனக்கு இந்த மாதிரி ஆட்களைத் தெரியும். என் கிளைக்கு ஒரு டீக்கடைக்காரர் கடன் கேட்டு வருவார். கடையில் கூட்டம் அலைமோதும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வருமான வரி கட்டிய தாள் ஒன்றுகூடக் கிடையாது. என்ன செய்ய முடியும்? நான் நம்பினாலும் கம்ப்யூட்டர் நம்பாது. 70-க்கு 17 என்பது தாள். ஊஞ்சல், சிப்ஸ் பாக்கெட், ஃபிரிட்ஜுக்குள் மாவு எல்லாம் கடையில் இருக்கிற கூட்டம்.

பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். இப்போதே காமர்ஸுக்கு மாற்றிவிடுங்கள், விட்ட பாடத்தை டியூஷனில் பிடித்துக்கொள்ளலாம், குளிர்கால விடுமுறை முடிந்து வரும்போது விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. காமர்ஸ் என் ஊர். அங்கே எந்தத் தெருவில் எந்த வீடு என்று எனக்குத் தெரியும். இவள் போகிற அந்த இன்னொரு ஊருக்கு வழி சொல்ல எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு கொசுவத்தி சுற்றவேண்டியிருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. 1995-ல் பத்தாம் வகுப்பு முடித்தபோது எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் எடுக்க ஆசை. பெரிய விஞ்ஞானக் கனவு எல்லாம் இல்லை, லேப் இருக்கும், அவ்வளவுதான். எங்கள் அய்யா ஒரு மில்லில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு வந்து, என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போய் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வெளியே வந்து, "காமர்ஸ் போட்டிருக்கு. பேங்க் வேலைக்கு நல்லது" என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. அய்யா சொன்ன மாதிரியே பேங்க் வேலையும் கிடைத்தது, அதனால் அவர் செய்தது சரிதான் என்று முப்பது வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

நான் அய்யாவை விட முன்னேறிய ஆள் இல்லையா. ஆகவே பாப்பாவை வெளியே நிற்க வைக்கவில்லை. விண்ணப்பத்தை வீட்டுக்கே கொண்டுவந்து, பெயர், வகுப்பு, காரணம் எல்லாம் நானே நிரப்பி, என் கையெழுத்தையும் போட்டு, மாணவர் கையெழுத்து என்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன இன்ட்டூ மார்க் போட்டு அவள் முன்னால் வைத்தேன். கடன் பத்திரங்களில் கஸ்டமருக்கு அப்படித்தான் போட்டுக்கொடுப்போம். முப்பது நாற்பது இடம் இருக்கும், அவர்களும் படிக்காமல் மார்க் இருக்கிற இடத்தில் எல்லாம் போட்டுக்கொண்டே போவார்கள்.

அவளும் போட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ரொம்பச் சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அசடு.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் சத்தமே இல்லை. சண்டை எல்லாம் கிடையாது. கேட்டதற்குப் பதில் வரும், சாப்பிட வருவாள், போவாள். ஆனால் "அப்பா இதைப் பாருங்க" என்பது மட்டும் நின்றுவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்தால் படிந்துகொண்டு இருந்தது. குக்கர் பாட்டுக்கு ஏழு விசில் அடித்தது. பனி பெய்த அன்று காலையில் ஊரே பஞ்சு அடைத்த மாதிரி அமைதியாக இருந்தது. இதற்கு அவள் ஏதாவது சொல்வாள் என்று ஜன்னலோரம் காபியோடு ரொம்ப நேரம் நின்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு ரஜாய்க்குள் போய்விட்டாள். தங்கமணி மட்டும் அவ்வப்போது என்னைப் பார்த்து, "இப்போ சரியா?" என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். அதுவே போதும், அவ்வ்வ்.

2025 ஜனவரியில் ஒரு ராத்திரி. சர்க்கரை மாத்திரை ஆரம்பித்ததில் இருந்து எனக்கு நடுராத்திரியில் எழுந்திருக்கிற பழக்கம். இரண்டு மணி இருக்கும், பாத்ரூம் வாஷ்பேசின் குழாய் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டு இருந்தது. எனக்கு வந்ததே கோபம். அருப்புக்கோட்டையில் பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும் காலத்தில் வளர்ந்தவன் நான். ராத்திரி ஒரு மணிக்குக் குடத்தோடு எங்கள் அம்மா கூட வரிசையில் நின்றிருக்கிறேன். இந்த சிம்லா மட்டும் என்ன வாழ்கிறது? 2018 மே மாதத்தில் இங்கே நாள் கணக்கில் தண்ணீர் வராமல் ஊரே தெருவுக்கு வந்தது, சுற்றுலாக்காரர்களே வராதீர்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். குழாயை இறுக்கி மூடிவிட்டுப் படுத்தேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பதினொன்றரை மணிக்குக் கிளைக்குப் போன் வந்தது. வீட்டுக்கார ஆன்ட்டி. எங்களுக்குக் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். "சாப், என் டிராயிங் ரூமில் மழை பெய்கிறது" என்றார் ஹிந்தியில். கவித்துவமாக ஏதோ சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் நிஜமாகவே மழை. கூரை முழுக்க ஊறி, சோபா, கம்பளம், டி.வி. எல்லாவற்றின் மேலும் கொட்டிக்கொண்டு இருந்தது. அம்மாவும் பெண்ணும் மார்க்கெட் போயிருந்தார்கள். நான் மேலே போய் மெயின் வால்வைத் தேடிப்பிடித்து மூடுவதற்குள் எங்கள் வீட்டிலும் கணுக்கால் அளவு தண்ணீர்.

அவர்கள் திரும்பி வந்தபோது, நான் ஆன்ட்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கையில் பக்கெட்டோடு, ராத்திரி பார்த்த குழாய் ஞாபகம் வர, பாப்பாவைப் பார்த்துக் கத்தினேன். ராத்திரி குழாயைத் திறந்து போட்டது அவள்தான், பொறுப்பே இல்லை, படிப்பிலும் இல்லை, வீட்டிலும் இல்லை என்று. தமிழில்தான் கத்தினேன். ஆனாலும் ஆன்ட்டிக்கும், அங்கே நின்ற நாலு பேருக்கும் என்ன சொல்கிறேன் என்பது புரிந்திருக்கும். மார்க் விஷயத்தையும் அதில் சேர்த்தேன் என்பதை எழுதும்போதே கை கூசுகிறது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையில் இருந்த பக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரை அள்ள ஆரம்பித்தாள்.

பிளம்பர் மதியம் வந்தார். வாஷ்பேசினுக்குக் கீழே இரும்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி குழாயை யார் மூடினது?"

ஆன்ட்டி குறுக்கே வந்தார். "மூடியிருக்க மாட்டார்களே, நீங்கள் வந்த முதல் குளிர்காலத்திலேயே உங்கள் பெண்ணிடம் சொல்லிவைத்தேனே, ராத்திரியில் கொஞ்சம் ஒழுக விடு என்று. எனக்கே காரணம் தெரியாது, எங்கள் மாமியார் சொன்னது. அவள்தான் ஏன் என்று எனக்கு விளக்கினாள்."

இரண்டு குளிர்காலம். நான் தூங்கின பிறகு திறந்துவிட்டு, நான் எழுந்திருக்கும் முன்னால் மூடியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தங்கமணிக்குத் தெரியும்.

ராத்திரி அவள் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எங்கள் பக்கத்து அப்பாக்களுக்கு அது அவ்வளவு சுலபமாக வாயில் வராது. நின்றுகொண்டே இருந்துவிட்டு, "குழாய் ஏன் உடைஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

"தண்ணி உறைஞ்சா ஒன்பது சதவீதம் பெருசாகும்ப்பா." அவ்வளவுதான் பதில். புத்தகத்தில் இருந்து தலை எடுக்கவில்லை.

"அதுக்கு ஒழுக விட்டா மட்டும் எப்படி உடையாம இருக்கும்? ஒழுகினாலும் குளிருதானே?"

இது நிஜமாகவே எனக்குப் புரியவில்லை, சாமர்த்தியத்துக்குக் கேட்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேப்பர் கேட்டாள். கையில் இருந்த ஆபீஸ் பையில் இருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தேன். வரைய ஆரம்பித்தாள்.

"உறைஞ்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? வெளிச்சுவர்ல ஓடுற குழாய்ல. அது உடையலை பாருங்க. உள்ளே, வாஷ்பேசின் கிட்ட, உறையாத இடத்துலதான் உடைஞ்சிருக்கு. ஏன்? பனிக்கட்டி வளர வளர முன்னாடி இருக்கிற தண்ணியைத் தள்ளும். குழாய் மூடியிருந்தா தண்ணி எங்கே போகும்? தண்ணியை அமுக்கிச் சின்னதாக்கவும் முடியாது. ஒரு இடத்துல அமுக்கினா அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே போகும், பாஸ்கல் சொன்னது. எங்கே குழாய் பலவீனமோ அங்கே பிளக்கும். கொஞ்சமா திறந்திருந்தா அது வழியா போயிரும். குக்கர் வெயிட்டு மாதிரிதான். அப்புறம் ஓடிட்டே இருந்தா அவ்வளவு சீக்கிரம் உறையவும் செய்யாது."

"ராத்திரியே உடைஞ்சிருந்தா நான் எழுந்தப்பவே தெரிஞ்சிருக்குமே?"

"உடைஞ்சாலும் பனிக்கட்டியே அடைச்சுக்கிட்டு இருக்கும்ல. பதினோரு மணிக்கு அந்தச் சுவர்ல வெயில் விழும். உருகினதும் கொட்டியிருக்கு."

ஒரு கேஸ் ஃபைல் மாதிரி எல்லாம் பொருந்தி வந்தது. எங்கே, எப்போது, ஏன், யார் (நான்). "இதை ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"தண்ணி ஒழுகுதுன்னா நீங்க திட்டுவீங்க. முதல் ரெண்டு வருஷம் எப்படிச் சொல்லலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருஷம் சொல்லத் தோணலை" என்றாள்.

தாளின் மூலை வரை படம் வந்துவிட்டதால் திருப்பினாள். அப்போதுதான் நானும் பார்த்தேன், பையில் இருந்து நான் எடுத்துக் கொடுத்தது அந்த விண்ணப்பம். வேண்டுமென்றே கொடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படி இல்லை. கைக்கு வந்ததைக் கொடுத்தேன். என் எழுத்து, என் கையெழுத்து, பென்சில் மார்க், அதன் மேல் அவள் கையெழுத்து. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

"நாளைன்னைக்கு ஸ்கூல் திறக்குது. இதைக் குடுக்கணும்ல. வேற தாள் தாங்க."

"உனக்கு என்ன வேணும் பாப்பா?"

பதினாறு வருஷத்தில் இந்தக் கேள்வியைத் துணிக்கடையில் கேட்டிருக்கிறேன், ஓட்டலில் கேட்டிருக்கிறேன்.

"தெரியலப்பா. எனக்கு கணக்கு வேகமா வராது, அது நிஜம். பன்னெண்டுலயும் கம்மியாத்தான் வாங்குவேன். ஆனா காமர்ஸ் போனாலும் இதெல்லாம் என் கண்ணுக்குத் தெரிஞ்சுட்டேதான் இருக்கும். அப்போ யார்கிட்ட கேட்பேன்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை அவள் எதிர்பார்க்கவும் இல்லை. திருப்பின தாளில், என் எழுத்துக்கு மேலேயே, குழாயின் மிச்சப் பாதியை வரைந்து முடித்தாள்.

ஆன்ட்டிக்கு சோபாவும் கம்பளமும் சேர்த்து 18,000 ரூபாய் கொடுத்தேன். டி.வி. இரண்டு நாள் வெயிலில் வைத்ததும் பிழைத்துக்கொண்டது. வாங்கிக்கொள்ளும்போது ஆன்ட்டி, பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்டார். கேட்டேன் என்று பொய் சொன்னேன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து கேட்டேன். "பரவால்லப்பா" என்றாள், வாயில் பிரஷ்ஷோடு.

கணக்குக்கு மட்டும் தனியாக டியூஷன் வைத்தோம். வருஷக் கடைசியில் 70-க்கு 36. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் போர்டு. இஞ்சினியரிங் கோச்சிங் எதுவும் வேண்டாம் என்றுவிட்டாள், பி.எஸ்ஸி. என்கிறாள். அதை முடித்து என்ன வேலை, எந்த ஸ்கேல், பென்ஷன் உண்டா என்று எனக்குள் இருக்கிற ஆபீசர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். காமர்ஸ் எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது தோன்றுகிறது. அவளிடம் சொல்வதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ராத்திரி குழாயைத் திறந்து வைக்கிற டியூட்டி என்னுடையது. ஆனாலும் அருப்புக்கோட்டை ரத்தம் சும்மா இருக்குமா? குழாயில் ஒரு டியூப் மாட்டி அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிடுகிறேன். விடிவதற்குள் ஒரு பக்கெட் சேரும், காலையில் துணி அலச ஆகும். இதில் மின்சாரம், பாஸ்கல் எதுவும் இல்லை, வெறும் கஞ்சத்தனம் என்றார் தங்கமணி.

நேற்று ராத்திரி குழாயைக் கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டேன் போலிருக்கிறது. மூன்று மணி இருக்கும். நான் விழித்துக்கொண்டு, எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று ரஜாய்க்குள் பேரம் பேசிக்கொண்டு இருந்தேன். அடுத்த அறையில் இருந்து தூக்கக் கலக்கத்தில் குரல் வந்தது.

"அப்பா, சத்தம் ஏறிருச்சு. பக்கெட்டை மாத்துங்க."